‘ஒரிஜினல் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ என்று போட்ட பெட்டிக்குள் ஒரிஜினல் பதிவு இல்லை: இது எப்படிச் சரியாகும்?

மூன்றாம்தட்டு:

அப்பாவுக்காக மூன்று சிடி கொண்ட ஒரு பெட்டி வாங்கினேன். அறுபதுகளின் ஆங்கில பாப், ராக் அண்ட் ரோல் பாடல்கள், மொத்தம் 60. முன்னட்டையில் அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள், அதன் மேல் கொட்டை எழுத்தில் ‘ஒரிஜினல் ஹிட்ஸ், ஒரிஜினல் ஆர்ட்டிஸ்ட்ஸ்’. இணையத்தில் வாங்கியதால் பின்னட்டையைப் பார்க்க வழியில்லை, முன்பக்கப் படம் ஒன்றைத்தான் போட்டிருந்தார்கள்.

முதல் பாட்டு பத்து விநாடி ஓடியிருக்காது, அப்பா “இது அது இல்லையே” என்றார். நான் நம்பவில்லை. நீங்கள் கேட்டது கரகரத்த ரேடியோவில், இப்போது சுத்தம் செய்து போட்டிருப்பார்கள், அதனால்தான் வேறு மாதிரி கேட்கிறது என்று சமாளித்தேன். மனிதர் விடவில்லை. “இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அவன் மூச்சு இழுப்பான், நன்றாகக் கேட்கும், இதில் எங்கே காணோம்?” என்றார். பழைய தட்டின் பதிவை யூடியூபில் தேடி இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். மூச்சு இருக்கிறது! அதைக் கண்டுபிடித்த பிறகு மற்றதெல்லாம் எனக்கே கேட்க ஆரம்பித்துவிட்டது. பழையதில் டிரம்ஸ் ஒரு மயிரிழை பின்தங்கி வரும், இதில் கடிகாரம் மாதிரி விழுகிறது. குரல் அதே ஆளுடையதுதான் போலிருக்கிறது, ஆனால் தடித்துப்போன குரல், உச்சத்துக்குப் போகவேண்டிய இடத்தில் ஏறாமல் பக்கத்தில் சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்.

அப்புறம்தான் பின்னட்டையை உட்கார்ந்து படித்தேன். பார்கோடுக்குக் கீழே, சாம்பல் நிறத்தின் மேல் சாம்பல் நிற எழுத்தில் ஒரு வரி: இந்தப் பாடல்கள் அசல் கலைஞர்களால், அல்லது அசல் குழுவின் ஒருவர் அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்பினர்களால் மீண்டும் பதிவு செய்யப்பட்டவை. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. ‘ஒருவர் அல்லது அதற்கு மேற்பட்ட’ என்றால் ஐந்து பேர் இருந்த குழுவில் தாம்பூரின் தட்டினவர் ஒருத்தர் வந்து உட்கார்ந்தாலே போதும், அப்படித்தானே?

இது சட்டப்படி செல்லுமா? வாங்குவதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? பெட்டியைப் பிரித்துவிட்டேன், திருப்பிக் கொடுக்க முடியுமா?

ஊசிமுனை:

முதலில் உங்கள் அப்பாவின் காதுக்கு ஒரு சலாம்.

அட்டையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, சாமர்த்தியமே அதில்தான் இருக்கிறது. ‘ஒரிஜினல் ஹிட்ஸ்’, சரி, பாட்டு ஹிட்டானதுதான். ‘ஒரிஜினல் ஆர்ட்டிஸ்ட்ஸ்’, அதுவும் சரி, பாடுகிறவர் அதே ஆள்தான். ‘ஒரிஜினல் ரெக்கார்டிங்ஸ்’ என்று மட்டும் எங்கேயும் இருக்காது. நான் எந்தத் தொகுப்பை எடுத்தாலும் அந்த மூன்றாவது சொல்லைத்தான் முதலில் தேடுவேன். (நம்மவர்களுக்கு ரீரெக்கார்டிங் என்றதும் சினிமாவில் பின்னணி இசை சேர்ப்பதுதான் ஞாபகம் வரும், இங்கே பேச்சு அதுவல்ல, பழைய பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்வது. குழப்பம் வேண்டாமென்று மறுபதிவு என்றே சொல்கிறேன்.)

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றால், ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரியும் ஒன்று, அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிநாடா இன்னொன்று. அசல் நாடா பெரும்பாலும் அந்தக் காலத்து கம்பெனியின் கையில் இருக்கும், அதை வாங்கித் தொகுப்பில் போட அவர்கள் கேட்கிற தொகையைக் கொடுக்கவேண்டும், அவர்கள் தரமாட்டேன் என்றும் சொல்லலாம். பாடகரைத் திரும்ப ஸ்டூடியோவுக்கு அழைத்து ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பாடவைத்துவிட்டால் புது நாடாவுக்கு நீங்களே சொந்தக்காரர், மெட்டுக்குரிய ராயல்டியை மட்டும் கட்டினால் ஆயிற்று. அப்படி எடுத்த ஒரு பதிவு பிறகு கைமாறிக் கைமாறி ஐம்பது மலிவுத் தொகுப்புகளில் தலைகாட்டும்.

கண்டுபிடிப்பது பற்றி. சிடியில் மூன்று எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும், ஏஏடி, ஏடிடி, டிடிடி என்று. எல்லாத் தட்டிலும் இருக்காது, ஆனால் இருந்தால் நல்ல துப்பு. முதல் எழுத்து பாட்டைப் பதிவு செய்த கருவியைக் குறிக்கிறது, அனலாக் என்றால் ஏ, டிஜிட்டல் என்றால் டி. டிஜிட்டலில் பதிவு செய்து தட்டு வெளியிடும் வேலையே எழுபதுகளில்தான் தொடங்கியது. அதனால் 1962-ல் வந்த பாட்டு இருக்கிற தட்டில் டிடிடி என்று போட்டிருந்தால் அது 1962-ல் பாடினது இல்லை, அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி. ஆனால் முதலில் ஏ இருக்கிறது என்பதற்காக நிம்மதியாகிவிடாதீர்கள். எழுபதுகளில் அனலாக் நாடாவிலேயே மறுபதிவு செய்து தள்ளியிருக்கிறார்கள்.

அடுத்தது, பொடி எழுத்தில் ‘இன்னாரிடமிருந்து உரிமம் பெற்றது’ என்று பாட்டுக்குப் பாட்டு எழுதியிருக்கிறதா பாருங்கள். அசல் நாடாவைக் காசு கொடுத்து வாங்கினவன் அதைச் சொல்லாமல் இருக்கமாட்டான், ஒப்பந்தமே அப்படிச் சொல்லச் சொல்லும். 60 பாட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்பெனி பெயர்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பாடல்கள் அந்தக் காலத்தில் இருபது கம்பெனிகளில் வந்தவை என்றால் சந்தேகப்படலாம். வட்டத்துக்குள் பி எழுத்து போட்டு ஒரு ஆண்டு இருக்கும், அது ஒலிப்பதிவுக்கான உரிமைக் குறி, வட்டத்துக்குள் சி போட்டிருப்பது அட்டைப்படம், எழுத்து இதற்கெல்லாம். இந்த பி ஆண்டை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது, தொகுப்பு வந்த ஆண்டையே அங்கே போட்டுவிடுகிறவர்களும் உண்டு.

பாட்டின் நீளமும் காட்டிக்கொடுக்கும். பழைய தட்டில் 2 நிமிடம் 14 விநாடி, இதில் 2:41 என்றால் சும்மா இருக்காது. மறுபதிவில் மெல்லத் தேய்ந்து மறையவேண்டிய பாட்டைச் சட்டென்று முடித்துவிடுவார்கள்.

இன்னொன்று, முழுப் பெட்டியையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள், மறுபதிவுகளுக்கு நடுவே ஒன்றிரண்டு அசலையும் செருகுவார்கள். ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும்.

பின்வரிசைகிட்டார்:

நான் இந்தக் கூத்தின் அந்தப் பக்கம் இருந்தவன், அதனால் சொல்கிறேன். மறுபதிவு அல்ல, அதற்கும் ஒரு படி கீழே, அப்பட்டமான நகல். காலையில் ஸ்டூடியோவுக்குப் போனால் ஒருவர் அசல் பாட்டைப் போட்டுக்காட்டுவார், இரண்டு தடவை கேட்போம், குறித்துக்கொள்வோம், வாசிப்போம். ஒரு நாளைக்கு எட்டுப் பாட்டு. கிட்டார் சத்தம் அசல் மாதிரி வரவேண்டும் என்று ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொண்டுபோய்க் கழிவறையில் வைத்துப் பதிவு செய்திருக்கிறோம், ஓடு பதித்த சுவரில் எதிரொலி இலவசமாகக் கிடைக்கும். பாட வந்தவருக்குச் சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆறு பேர் மாதிரிப் பாடுவார், டீ குடிக்கும்போது பேசினால் ஏழாவது ஆள் மாதிரி இருக்கும்.

நாள் முடிவில் கூலியைக் கையில் கொடுப்பார்கள், அதோடு சரி. ராயல்டி கிடையாது, பெயரும் கிடையாது. குழுவுக்கு ஒரு பெயர் வேண்டுமே, அதை அட்டை அச்சாகும் சமயத்தில் யாரோ ஒருவர் வாயில் வந்ததை வைப்பார். அப்படி நான் எத்தனை குழுவில் ‘உறுப்பினர்’ என்று எனக்கே கணக்கில்லை.

ஆனால் அட்டையைப் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது. பாடகியின் பெயர் மேலே இவ்வளவு பெரிசாக, அதற்குச் சற்று மேலே எறும்பு ஊர்ந்த மாதிரி ‘எ டிரிப்யூட் டு’, அதாவது ‘இவருக்கு எங்கள் காணிக்கை’. தூரத்தில் நின்று பார்த்தால் பெயர் மட்டும்தான் தெரியும். படத்தில் ஒரு பெண், அவர் இல்லை, ஆனால் அவர் மாதிரியே முடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். நகல் எடுத்து வாசித்ததில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, அது தொழில். அந்த முகம் திருப்பிய பெண்ணைப் பார்த்தபோதுதான் கூசிப்போனேன்.

பிரிட்டனில் இது பெரிய வியாபாரமாகவே நடந்தது தெரியுமா? 1968-லிருந்து ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ என்ற பெயரில் மலிவு எல்பி வரிசை ஒன்று வந்தது, அந்தந்த மாதத்து ஹிட்டுகளைப் பெயர் தெரியாத ஸ்டூடியோ ஆட்கள் நகலெடுத்துப் பாடினவை. பிபிசி நிகழ்ச்சியின் பெயர்தான், ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. 1971-ல் இந்த மாதிரித் தட்டுகள் ஆல்பம் பட்டியலில் முதலிடத்துக்கே வந்துவிட்டன, அப்புறம் மலிவுத் தட்டுகளைப் பட்டியலில் சேர்க்காமல் தூக்கிவிட்டார்கள். எல்டன் ஜான் பெயர் வாங்குவதற்கு முன்னால் இந்த மாதிரி நகல் தட்டுகளில் பாடிச் சம்பாதித்தவர்தான், பிற்பாடு அந்தப் பாடல்களையே திரட்டி அவர் பெயரைப் பெரிசாகப் போட்டு விற்றார்கள். யாரையோ போலப் பாடினதை, இப்போது அவர் பாடினது என்று.

வால்யூம்குறை:

எல்லாரும் சேர்ந்து மறுபதிவு என்பதையே திருட்டு மாதிரி ஆக்கிவிடாதீர்கள். பாடகர் பக்கத்தையும் பாருங்கள். எவர்லி பிரதர்ஸ் கேடன்ஸ் கம்பெனியை விட்டு வார்னருக்குப் போனார்கள், பழைய ஹிட்டெல்லாம் கேடன்ஸிடம் மாட்டிக்கொண்டது, 1964-ல் அவற்றைத் திரும்பப் பாடி ‘வெரி பெஸ்ட்’ என்று வெளியிட்டார்கள். சக் பெர்ரி மெர்க்குரிக்குப் போனதும் 1967-ல் ‘கோல்டன் ஹிட்ஸ்’ என்று அதையே செய்தார். தன் பாட்டைத் தானே பாடக்கூடாதா? ஒப்பந்தத்திலேயே இத்தனை ஆண்டுக்குத் திரும்பப் பாடக்கூடாது என்று எழுதி வாங்கிவிடுவார்கள், பாட்டு பதிவாகி ஐந்து ஆண்டு, அல்லது ஒப்பந்தம் முடிந்து இரண்டு ஆண்டு, எது பிந்தியதோ அது, என்கிற மாதிரி. அது முடிகிறவரை காத்திருந்துதான் பாடுகிறார்கள்.

இதில் காசும் இருக்கிறது. படத்திலோ விளம்பரத்திலோ ஒரு பாட்டைப் போட மெட்டுக்கு ஒரு அனுமதி, பதிவுக்கு ஒரு அனுமதி வேண்டும். சொந்தமாக ஒரு பதிவு வைத்திருந்தால் இரண்டாவது காசும் பாடினவருக்கே வரும். டெஃப் லெப்பர்ட் குழு டிஜிட்டல் ராயல்டித் தகராறில் 2012-ல் தங்கள் பழைய பாட்டையே அச்சு அசலாக மறுபதிவு செய்து, தாங்களே அதற்குப் ‘போலிகள்’ என்று பெயரும் சொன்னார்கள்.

நேர்மையாக அட்டை போடுவது எப்படி என்றால், ஸ்க்வீஸ் என்ற குழு 2010-ல் தங்கள் ஹிட்டுகளை மறுபதிவு செய்து ஆல்பத்துக்கு ‘ஸ்பாட் த டிஃப்ரன்ஸ்’ என்று பெயர் வைத்தது. வித்தியாசம் கண்டுபிடி! அவ்வளவுதான், முடிந்தது விஷயம். டெய்லர் ஸ்விஃப்ட் 2021-லிருந்து நான்கு ஆல்பத்தை மறுபதிவு செய்தபோது ஒவ்வொரு தலைப்பிலும், ஒவ்வொரு பாட்டின் பெயரிலும் ‘டெய்லர்ஸ் வெர்ஷன்’ என்று ஒட்டினார். மறைக்கவேண்டிய சங்கதியை அவர் விளம்பரமாகவே ஆக்கிவிட்டார், ரசிகர்கள் பழையதை விட்டுவிட்டு இதைத் தேடிப்போய்க் கேட்டார்கள்.

ஊசிமுனை:

@வால்யூம்குறை, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் நீங்கள் சொன்ன 1964, 1967 அட்டைகளை எடுத்துப் பாருங்கள், ‘வெரி பெஸ்ட்’, ‘கோல்டன் ஹிட்ஸ்’ என்ற பெயரைப் பார்த்து யாராவது இது புதுப் பதிவு என்று நினைப்பார்களா? பாடகர் செய்தால் உரிமைப் போராட்டம், மலிவுத் தொகுப்புக்காரர் செய்தால் மோசடி என்று நான் பிரிக்கமாட்டேன். வாங்குகிறவனுக்கு முன்னட்டையில் தெரிகிறதா இல்லையா, எனக்கு அது ஒன்றுதான் கேள்வி. மறுபதிவிலேயே அருமையானவை இருக்கின்றன, ராய் ஆர்பிசன் 1987-ல் தன் பழைய பாடல்களைத் திரும்பப் பாடின ஆல்பம் என்னிடம் இருக்கிறது, அந்த வயதிலும் குரல் கலங்கவில்லை. தெரிந்து வாங்கினேன், தெரிந்தே கேட்கிறேன்.

சட்டப்புள்ளி:

மூன்றாம்தட்டு கேட்ட சட்டக் கேள்விக்கு வருகிறேன். பாட்டைத் திரும்பப் பாடுவது ஒன்று, அதை எப்படி விற்கிறாய் என்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பினால் விடை கிடைக்காது.

பாடுவது பெரும்பாலும் செல்லும். அமெரிக்காவில் 1909 சட்டத்திலிருந்தே, ஒரு பாட்டு ஒருமுறை பதிவாகி வெளிவந்துவிட்டால், நிர்ணயித்த ராயல்டியைக் கட்டி வேறு யாரும் பாடிப் பதிவு செய்யலாம். (இது பாடகர்களுக்காக வந்த சட்டம் இல்லை, தானியங்கி பியானோவுக்கான துளைபோட்ட காகிதச் சுருள்களை ஒரே கம்பெனி மொத்தமாகக் கைப்பற்றிவிடுமோ என்ற பயத்தில் வந்தது.) அங்கே ஒலிப்பதிவுக்கான காப்புரிமை அந்தப் பதிவை நகலெடுப்பதைத்தான் தடுக்கிறது, புதிதாக வாசித்து அச்சு அசலாக அதே மாதிரி வரவைப்பதைத் தடுக்காது. பின்வரிசைகிட்டார் கழிவறையில் ஆம்ப்ளிஃபையர் வைத்ததில் அந்தச் சட்டப்படி குற்றம் இல்லை!

அட்டை வேறு கதை. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 31சி பிரிவு இதைப் பச்சையாகவே சொல்கிறது. அந்தப் பிரிவின் கீழ் கவர் வெர்ஷன் (ஏற்கனவே வந்த பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்தது) போடுகிறவர், மக்களைக் குழப்பும்படி அட்டையோ லேபிளோ போடக்கூடாது, முந்தைய பதிவில் பாடினவரின் பெயரோ படமோ இருக்கக்கூடாது, அந்தப் பாட்டு வந்த சினிமாவின் பெயரும் கூடாது, இது கவர் வெர்ஷன் என்று அட்டையிலேயே எழுதவேண்டும். முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு காத்திருக்கவும் வேண்டும், அட்டையின் பிரதியை முன்கூட்டியே உரிமையாளருக்குக் கொடுக்கவும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-ல் வந்த நியாயமற்ற வணிக நடைமுறைகள் பற்றிய ஆணை இன்னும் ஒரு படி போகிறது: தகவல் சரியாகவே இருந்தாலும், மொத்தமாகக் காட்டுகிற விதம் சாதாரண வாடிக்கையாளரை ஏமாற்றி, இல்லையென்றால் எடுத்திருக்கமாட்டாத முடிவை எடுக்கவைத்தால் அது ஏமாற்றுதான். ஊசிமுனை சொன்ன ‘ஒரு சொல்கூடப் பொய் இல்லை’ என்ற சாக்கு அங்கே எடுபடாது.

உங்கள் விஷயத்தில் பெட்டியைப் பிரித்ததைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். ‘மனம் மாறிவிட்டது’ என்றும் எழுதாதீர்கள், எழுதினால் பிரித்த பொருளைத் திரும்ப வாங்கமாட்டோம் என்று முடித்துவிடுவார்கள். ‘விவரித்தபடி இல்லை’ என்று எழுதுங்கள். விற்ற பக்கத்தில் பின்னட்டைப் படம் இல்லை, மறுபதிவு என்ற சொல் இல்லை, அதைத் திரைப்படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.

மூன்றாம்தட்டு:

‘திரைப்படம் எடுத்து’ என்றால் ஸ்கிரீன்ஷாட் தானே, ஒரு நிமிடம் கேமராவோடு கிளம்பச் சொல்கிறீர்களோ என்று பயந்துவிட்டேன்.

சட்டப்புள்ளி:

ஸ்கிரீன்ஷாட்டேதான். தமிழில் எழுதுகிறேன் பேர்வழி என்று கிளம்பினால் இப்படித்தான்.

ஹெட்போன்ராணி:

சிடியிலாவது பின்னட்டை என்று ஒன்று இருக்கிறது, ஸ்ட்ரீமிங் செயலியில் அதுவும் கிடையாது. பாடகரின் பக்கத்துக்குப் போனால் அசலும் மறுபதிவும் ஒரே பெயரில், ஒரே வரிசையில் நிற்கும். ‘ரீ-ரெக்கார்டட்’ என்று நேர்மையாகவே போட்டிருந்தாலும் அதைத் தலைப்பின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள், போன் திரையில் அதற்கு முன்னாலேயே மூன்று புள்ளி வந்து தலைப்பு வெட்டுப்பட்டுவிடும். பழைய பாட்டுக்கு ‘ரீமாஸ்டர்டு’ (பதிவான நாடாவின் ஒலியைச் சீர்செய்தது) என்று இருந்தால் அசல் என்று நம்பிவிடுவோம், ஆனால் மறுபதிவு செய்த நாடாவையும் ரீமாஸ்டர் செய்யலாமே, அது பொய் ஆகாது. நகல் குழுக்கள் வேறு, அசலின் பெயரைத் தங்கள் ஆல்பம் தலைப்பிலேயே நுழைத்துவிடுவதால் தேடினால் பக்கத்தில் வந்து நிற்கும்.

நான் செய்வது, பாட்டைக் கேட்டு அடையாளம் சொல்கிற செயலி இருக்கிறதே, அதை ஓடவிட்டு எந்த ஆல்பம், எந்த ஆண்டு என்று பார்ப்பேன். அது மெட்டைப் பார்க்காமல் அந்தக் குறிப்பிட்ட பதிவின் ஒலிரேகையைப் பார்ப்பதால் மறுபதிவு வேறாகத் தெரியும். மியூசிக்பிரெயின்ஸ், டிஸ்காக்ஸ் என்று இசைப் பதிவுகளைப் பட்டியலிடும் இரண்டு இணையதளங்கள் இருக்கின்றன, அவற்றில் தேடினால் எந்தப் பதிவு எந்தத் தொகுப்பில் வந்தது என்று நம்மைப் போன்ற பைத்தியங்கள் எழுதிவைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனித்தனியாகக் கொடுக்கிற ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்துக் குறியீட்டில் நாட்டுக்கும் கம்பெனிக்கும் அப்புறம் வருகிற இரண்டு எண் ஆண்டு என்று சிலர் சொல்வார்கள், அது குறியீடு கொடுத்த ஆண்டு, பாடின ஆண்டு இல்லை, அதை நம்பி ஏமாறவேண்டாம்.

மூன்றாம்தட்டு:

நேற்று இரவு அப்பாவும் நானும் மூன்று சிடியையும் உட்கார்ந்து கேட்டு முடித்தோம். குறியீடு இருக்கிறது, டிடிடி. முன்னாலேயே தெரிந்திருந்தால் காதை இவ்வளவு தீட்டியிருக்கவேண்டாம். 60-ல் 41 அதே பாடகர்களின் மறுபதிவு, 18 யாரென்றே தெரியாத நகல், அதில் ஒன்றில் இரண்டாவது சரணத்தின் வரியையே தப்பாகப் பாடியிருக்கிறார்கள் என்று அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. (@பின்வரிசைகிட்டார், கிட்டார் நன்றாகத்தான் இருந்தது, நீங்களாக இருந்தால் அப்பா பாராட்டைச் சொல்லச் சொன்னார்.)

டிடிடி என்று மொத்தமாகப் போட்டிருந்தாலும், இரண்டாவது சிடியில் ஒன்பதாவது பாட்டு மட்டும் அசல். ஊசிமுனை சொன்ன மாதிரியே, உள்ளட்டையில் அந்த ஒன்றுக்கு மட்டும் ‘உரிமம் பெற்றது’ என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. அது ஓட ஆரம்பித்ததும் அப்பா எதுவும் சொல்லவில்லை, சத்தத்தைக் கூட்டினார், நான் புரிந்துகொண்டேன்.

விற்றவர் முதலில் பிரித்த பொருள் என்றுதான் பதில் போட்டார். ‘விவரித்தபடி இல்லை’ என்று ஸ்கிரீன்ஷாட்டோடு திரும்ப எழுதினேன், பணத்தைத் தருகிறோம், பெட்டியை அனுப்புங்கள் என்கிறார்கள். இப்போது அப்பாதான் கொடுக்கமாட்டேன் என்கிறார். அந்த ஒன்பதாவது பாட்டுக்காக.

ஊசிமுனை:

பாட்டின் பெயரைச் சொல்லுங்கள், அசல் எந்தத் தட்டில் கிடைக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன். பெட்டியை அனுப்பிவிடுங்கள்.